சாமி பூவைக் குளிக்கக் கேட்ட அக்காவுக்கு

அம்மன் அருளால மூணாவது ஆடி வெள்ளியும் நல்லபடியா முடிஞ்சது. கூழ் காய்ச்சினவங்க, பந்தல்ல பரிமாறினவங்க, ரோட்டுல நின்னு கார் பார்க்கிங் பார்த்த தம்பிங்க எல்லாருக்கும் நன்றி. படங்களைத் தனியா போடுறேன். இது வேற விஷயம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

அன்னிக்கு ராத்திரி பத்து மணி இருக்கும். நடை சாத்தியாச்சு. நாங்க நாலு பேரு மண்டபத்து ஓரமா உட்கார்ந்து கழட்டின மாலையெல்லாம் பிரிச்சுக்கிட்டு இருந்தோம். நார் ஒரு பக்கம், கம்பியும் ஜிகினாவும் ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். ரோஜா மட்டுமே மூணு கூடை. அப்ப ஒரு அக்கா பக்கத்துல வந்து, "தம்பி, இந்த ரோஜாவைக் கொஞ்சம் பையில போட்டுக் குடுங்க. எம் மகளுக்கு மண்டி பூஙா செய்யணும். எப்படியும் தூக்கித்தானே போடப் போறீங்க"ன்னு கேட்டாங்க.

காலையில ஆறு மணி ஷிப்டுக்குப் போயிட்டு நேரா கோயிலுக்கு வந்தவன் நான். இடுப்பு வலி வேற. "குளிக்கறதுக்கெல்லாம் குடுக்க முடியாது"ன்னு வெடுக்குன்னு சொல்லிட்டேன். அந்த அக்கா முகம் சுருங்கிப் போச்சு. "ஏன், கோயில் பூ உங்க வீட்டுச் சொத்தா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க.

அப்புறம்தான் சமையல்கட்டுல இருந்த பெண்கள் சொன்னாங்க, அவங்க மகளுக்கு மூணு மாசமா சரியா தூக்கம் இல்லையாம். ராத்திரி ஷிப்ட் வேலை. கை காலெல்லாம் வறண்டு அரிப்பு வேற. யாரோ பூத்தண்ணி ஊத்திக் குளிக்கச் சொல்லியிருக்காங்க. தெரிஞ்சிருந்தா அப்படிப் பேசியிருக்க மாட்டேன். நான் சொன்ன பதில் சரிதான், சொன்ன விதம்தான் தப்பு. அக்கா, நீங்க இதைப் படிச்சா என்னை மன்னிச்சுக்கோங்க. ஏன் குடுக்கலேன்னும் சொல்றேன், அதுக்குப் பதிலா வீட்டுலயே எப்படிச் செய்யறதுன்னும் சொல்றேன்.

மண்டி பூஙா என்னன்னு நம்ம ஊர்ல யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மலாய்க்காரங்க ஏழு வகைப் பூவும் லீமாவ் பூருட்டும் போட்டுக் குளிப்பாங்க. என் வீட்டுக்கு எதிர்வீட்டுச் சீன அம்மா, பெருநாளைக்கு முன்னாடி பம்ளிமாஸ் இலையைக் கொதிக்க வச்சு பிள்ளைங்களைக் குளிப்பாட்டுவாங்க. நமக்கு எண்ணெய்க் குளியலும் நலங்கு மாவும். ஒரே தாமான்ல மூணு வீட்டு குளியலறையிலேருந்து மூணு வாசனை வரும். திருஷ்டி கழியுமா, கிரகம் விலகுமான்னு என்னைக் கேட்காதீங்க. அது அவங்கவங்க நம்பிக்கை. உடம்பு லேசாகும், நல்லா தூக்கம் வரும், பக்குவமா செஞ்சா தோல் மிருதுவாகும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

சரி, கோயில் பூவை ஏன் குடுக்கல?

சாமிக்குச் சாத்தின பூ நிர்மால்யம். தலையில வச்சுக்கலாம், கண்ணுல ஒத்திக்கலாம். கால் படற இடத்துல போடக் கூடாது. குளிச்ச தண்ணி சாக்கடைக்குத்தான் போகும். நாங்க அதைப் பிரிச்சு கோயில் பின்னாடி மரத்தடியில குழியில போட்டு உரமாக்குறோம். ஆத்துல விடற பழக்கத்தை நிறுத்தி ரொம்ப நாளாச்சு. ஆக, தூக்கித்தான் போடறோம்னு நினைக்காதீங்க.

இதெல்லாம் சாஸ்திரம், எனக்கு அதுல அவ்வளவு பிடிப்பு இல்லைன்னு சொல்றவங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அந்தக் கூடையில ரோஜா மட்டும் இல்லை. அரளி இருக்கு. அம்மனுக்கு அரளி மாலை எவ்வளவு வருதுன்னு உங்களுக்கே தெரியும். அரளி விஷச்செடி. அதோட பால் பட்டா சில பேருக்குத் தோல் எரியும். பிள்ளையார் சன்னதியிலேருந்து வர்ற கூடையில எருக்கம்பூ இருக்கும். எருக்கம்பால் கண்ணுல பட்டா கண்ணையே பாதிக்கும். இதெல்லாம் ஒண்ணாக் கலந்து, அபிஷேகத் தண்ணியில நனைஞ்சு, மஞ்சள் குங்குமம் ஒட்டி, நாள் முழுக்க விளக்குச் சூட்டுல வாடிக் கிடந்த பூ. அதுல ரோஜாவை மட்டும் பொறுக்கி எடுத்தாலும் மத்ததோட சாறு பட்டிருக்காதுன்னு நான் எப்படி உத்தரவாதம் குடுக்க முடியும்?

பூஜைப் பன்னீரும் அப்படித்தான். பூஜைக்குன்னு விக்கிற பன்னீர்ல நிறைய வெறும் வாசனை கலந்த தண்ணிதான். பூஜைச் சந்தனத் தூள், பூஜை மஞ்சள் தூள் எல்லாம் அதே கணக்கு. கல் விக்ரகத்துக்கு ஆகும். நம்ம தோலுக்கு ஆகணும்னு இல்லை.

இவ்வளவு தெரிஞ்சவன் மாதிரி பேசுறேனே, நானும் ஒரு நாள் கோயில் ரோஜாவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனவன்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் உண்மையில இந்தப் பதிவே.

எங்கம்மாவுக்கு அப்ப 78 வயசு. தோட்டத்துல முப்பது வருஷத்துக்கு மேல பால்மரம் வெட்டினவங்க. அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, நெத்தியில விளக்கைக் கட்டிக்கிட்டு, பனியிலயும் கொசுவிலயும் நடந்த கால். இனிப்பு நீர் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு மீன் செதில் மாதிரி ஆயிடும். ராத்திரியெல்லாம் சொறிவாங்க. காலையில போர்வையில ரத்தப் புள்ளி இருக்கும்.

ஒரு நாள் என் மகள் போன்ல ஒரு வீடியோ காட்டினா. வெள்ளைத் தொட்டி நிறைய ரோஜா இதழ், சுத்தி மெழுகுவத்தி, ஒரு பொம்பளை கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருக்காங்க. "அப்பா, பாட்டிக்கு இந்த மாதிரி செஞ்சா நல்லா இருக்கும்ல?" விலை விசாரிச்சா ஒரு தடவைக்கே இருநூறு வெள்ளிக்கு மேல. அதுவும் எங்கம்மாவைத் தொட்டிக்குள்ள இறக்கி ஏத்தறதுக்கு கிரேன் வேணும். நம்ம வீட்டுல ஏது பாத் டப்? துணி ஊற வைக்கிற பேசின் இருக்கு. சரி, காலை மட்டும் ஊற வைப்போம்னு முடிவு பண்ணோம்.

அந்த வெள்ளிக்கிழமை கோயில்லேருந்து ஒரு பை ரோஜா எடுத்துட்டு வந்தேன். நல்ல பூவா பொறுக்கித்தான். பேசின்ல தண்ணி ஊத்தி இதழைத் தூவி அம்மா முன்னாடி கொண்டு போய் வச்சேன். எங்கம்மா குனிஞ்சு பார்த்தாங்க.

"எங்கேருந்துடா பூ?"

"கோயில்லேருந்தும்மா."

"ஆத்தா கழுத்துல கெடந்த பூவுல என்னைக் கால வைக்கச் சொல்றியா?"

அவ்வளவுதான். திட்டவே இல்லை. அவங்களே குனிஞ்சு, ஒரு இதழ் விடாம எடுத்து, முறத்துல போட்டு, வாசல்ல துளசித் தொட்டியில கொட்டச் சொன்னாங்க. கமிட்டிக் கூட்டத்துல கூட எனக்கு இந்த மாதிரி யாரும் வாயடைச்சது இல்லை.

அடுத்த வாரம் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவுக்குப் போய் உதிரிப்பூ வாங்கினேன். ரோஜா, மல்லிகை, கொஞ்சம் செவ்வந்தி. பார்மசியில எப்சம் உப்பு ஒரு பாக்கெட். வீட்டுக்கு வந்து கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சு, பேசின்ல பச்சைத்தண்ணியோட கலந்து, உப்பைக் கரைச்சு, பூவைப் போட்டேன். கையை விட்டுப் பார்த்தேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. அம்மா காலை எடுத்து உள்ளே வச்சேன்.

எங்கம்மா முகத்துல அப்படி ஒரு சிரிப்பு வந்து நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. "எனக்கு நலங்கு வச்சப்பகூட இத்தனை பூ இல்லடா"ன்னாங்க. டிவில நாடகம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சு, "சூடே தெரியலடா, இன்னும் கொஞ்சம் ஊத்து"ன்னாங்க. கெட்டில்லேருந்து ஊத்தினேன். திரும்பக் கையை விட்டுப் பார்த்தேன். பரவாயில்லைன்னுதான் தோணுச்சு. நாடகம் முடியற வரைக்கும் கால் உள்ளேயே இருந்துச்சு.

மறுநாள் காலையில ரெண்டு பாதத்துலயும் கொப்பளம். வலது கால் பெருவிரலுக்குக் கீழே அம்பது காசு அளவுக்கு.

அம்மாவுக்கு வலியே இல்லை. அதுதான் பயமே. இனிப்பு நீர் ரொம்ப வருஷம் இருந்தா கால் நரம்பு செத்துப் போகும், சூடு தெரியாது, ஆணி குத்தினாலும் தெரியாது. "சூடே தெரியல"ன்னு அவங்க சொன்னப்ப தண்ணி ஆறிப்போச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டேன். கால்தான் மரத்துப் போயிருக்குன்னு எனக்கு உறைக்கல.

சரி, என் கைக்காவது தெரிஞ்சிருக்கணுமே? இருபத்தெட்டு வருஷம் பிளாஸ்டிக் மோல்டிங் மிஷின் பக்கத்துல நின்ன கை இது. சூடா இருக்கிற பீஸை எடுத்து எடுத்துத் தோல் தடிச்சுப் போச்சு. மத்தவங்களுக்குச் சுடற டீ கிளாஸ் எனக்குச் சுடாது. உணர்ச்சி இல்லாத காலுக்கு உணர்ச்சி இல்லாத கையை வச்சு சூடு பார்த்திருக்கேன். வேலையில ஒரு மிஷின் டெம்பரேச்சர் கூடக் குறைய இருந்தா ரெக்கார்டுல எழுதலியான்னு பசங்களைக் காய்ச்சி எடுக்கறவன். ஸ்டோர்ல தெர்மாமீட்டர் டஜன் கணக்குல இருக்கு. அம்மா காலுக்கு ஒண்ணு வைக்கத் தோணல.

நாலு மாசம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளினிக்ல மருந்து மாத்தணும். டாக்டர் ஒரு கட்டத்துல "விரலை எடுக்க வேண்டி வரலாம், மனசைத் தயார் பண்ணிக்கோங்க"ன்னு சொன்னார். அன்னிக்குச் சாயங்காலம் கோயிலுக்கு வந்து கூட்டிப் பெருக்கிட்டு, யாருக்கும் தெரியாம தேர் கொட்டகை பின்னாடி போய் உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு மாசத்துல எங்கம்மா ஒரு தடவைகூட "உன்னாலதான்"னு சொல்லல. சொல்லியிருந்தா கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

விரல் தப்பிச்சது. தழும்பு இன்னும் இருக்கு.

அங்க மருந்து கட்டின நர்ஸ் ஒரு மலாய்க்கார அம்மா. முதல் நாளே என்னை நல்லா திட்டினாங்க. அப்புறம் உட்கார வச்சு சொல்லிக் குடுத்தாங்க. இதை மட்டும் தயவு செஞ்சு நல்லா படிங்க, உங்க வீட்டுலயும் இனிப்பு நீர் உள்ளவங்க இருப்பாங்க. அவங்க காலை ஊற வைக்கவே கூடாது. சுடுதண்ணி, உப்புத்தண்ணி, பூத்தண்ணி எதுவானாலும் சரி. ஊறினா தோல் முதல்ல மெத்துன்னு ஆகும், அப்புறம் இன்னும் வறண்டு வெடிக்கும், அந்த வெடிப்பு வழியா கிருமி போகும். எப்சம் உப்பும் அவங்களுக்கு வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணியில சீக்கிரமா கழுவி, விரல் இடுக்குல ஈரம் இல்லாம ஒத்தி எடுத்து, கிரீம் பூசணும். விரல் இடுக்குல மட்டும் கிரீம் பூசக் கூடாது. தினம் ஒரு தடவை அடிப்பாதத்தை யாராவது பார்த்து, வெடிப்போ புண்ணோ இருக்கான்னு கவனிக்கணும். எங்க வீட்டுல அது என் மகளோட வேலை.

புண் ஆறி ஒரு மாசம் இருக்கும். அம்மாவே கேட்டாங்க, "ஏண்டா, அந்தப் பூத்தண்ணி இனிமே கெடையாதா?"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஆனா அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்துச்சு. அப்புறம்தான் நானும் மகளும் உட்கார்ந்து, ஊற வைக்காம ஊத்திக் குளிக்கிற மாதிரி ஒரு முறை கண்டுபிடிச்சோம். கண்டுபிடிச்சோம்னு என்ன பெரிசா, நம்ம பாட்டிங்க வாளியில கலந்து சொம்புல மோந்து ஊத்தினதுதான். இப்ப அதைச் சொல்றேன்.

முதல்ல பூ. கடைப்பூ அலங்காரத்துக்கு வளர்த்தது. கேமரன் மலை ரோஜாவும் செவ்வந்தியும் பார்க்க அழகு, ஆனா பூச்சி விழாம இருக்க மருந்து அடிக்காம வளர்க்கறது கஷ்டம். கழுவினா மேல இருக்கிறதுதான் போகும். செவ்வந்தியும் செண்டுப்பூவும் சில பேருக்குத் தோல்ல அலர்ஜி குடுக்கும், அதனால நான் அதை விட்டுட்டேன். வீட்டுல வளர்க்கறதுதான் நல்லது. அதுக்குத் தோட்டம் வேணும்னு இல்லை. என் வீட்டு வேலியில சங்குப்பூ ஏறிக் கிடக்கு. விதை போட்டு ரெண்டு மாசத்துல பூக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் நிறுத்தவே முடியாது. சாக்கடை ஓரத்துல பாண்டான் இலை. தொட்டியில ஒரு மல்லிகை, ஒரு நாட்டு ரோஜா. அப்புறம் செம்பருத்தி. 1960லேருந்து நம்ம நாட்டோட தேசிய மலர், ஆனா பாதி வீட்டுல வேலியா மட்டும்தான் நிக்குது. செம்பருத்தி இதழைத் தண்ணியில கசக்கினா வழவழன்னு ஒரு பசை வரும், வறண்ட தோலுக்கு அது ரொம்ப இதமா இருக்கும்.

ஒரு ஆளுக்கு ஒரு வாளித் தண்ணி கணக்கு. ஒரு லிட்டர் தண்ணியில பாண்டான் இலை ரெண்டை முடிச்சுப் போட்டு, லீமாவ் பூருட் இலை நாலைக் கிழிச்சுப் போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விடுங்க. அடுப்பை அணைச்ச பிறகுதான் பூவைப் போடணும். கொதிக்கிறப்பப் போட்டா ரோஜா கறுத்துப் போய் கசாயம் மாதிரி நாறும். நான் முதல் தடவை அப்படித்தான் பண்ணி, வீடே சித்த மருந்துக் கடை மாதிரி ஆயிடுச்சு. மூணு ரோஜாவோட இதழ், ஒரு கைப்பிடி மல்லிகை, பத்து சங்குப்பூ, ரெண்டு செம்பருத்தி. மூடி போட்டு கால் மணி நேரம் விட்டுடுங்க. அப்புறம் வடிகட்டுங்க. வடிகட்டறதை மறந்துடாதீங்க. இதழோட குளிச்சா பார்க்க சினிமா மாதிரி இருக்கும், அப்புறம் குழாய் அடைச்சுக்கும். எங்க வீட்டுல அடைச்சு, பிளம்பருக்கு எண்பது வெள்ளி குடுத்தேன். பூ மிதந்துதான் ஆகணும்னா நாலு இதழ் போதும், கையால பொறுக்கிடலாம்.

அடுத்தது ஓட்ஸ். அரிப்பு உள்ளவங்களுக்கு இதுதான் முக்கியம், பூவைவிட. நாலு மேசைக்கரண்டி சாதா ஓட்ஸை மிக்ஸியில மாவா அரைச்சு, பழைய வேட்டித் துணியில மூட்டை கட்டி, வாளித் தண்ணியில ஊற வச்சுப் பிழியுங்க. தண்ணி பால் மாதிரி ஆகும். அந்த மூட்டையையே சோப்புக்குப் பதிலா உடம்புல தேய்க்கலாம். வடிகட்டின பூத்தண்ணியை இந்த வாளியில ஊத்தினா நீலமும் பாலுமா ஒரு நிறம் வரும். லீமாவ் பழத்துல நாலு சொட்டு பிழிஞ்சா சங்குப்பூ நீலம் அப்படியே ஊதாவா மாறும். பேரப்பிள்ளைங்க அதைப் பார்க்கவே ஓடி வரும்.

ஆனா அந்த நாலு சொட்டோட நிறுத்திக்கோங்க. லீமாவ், எலுமிச்சைச் சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா கொப்பளிச்சு, அப்புறம் கறுப்புக் கறுப்பா தழும்பு நிக்கும். அதனால இந்தக் குளியலைச் சாயங்காலத்துல வச்சுக்கோங்க, கடைசியில ரெண்டு சொம்பு சாதாத் தண்ணி ஊத்துங்க. புண் இருந்தா லீமாவே வேண்டாம்.

சூடு. முழங்கையை விட்டுப் பாருங்க, கையை நம்பாதீங்க. நான் முழங்கையையும் நம்பறதில்லை. குழந்தைங்க குளிப்பாட்டற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி குளியலறைக் கதவுல தொங்க விட்டிருக்கேன். 37 டிகிரிக்கு மேல போனா பச்சைத்தண்ணி ஊத்துவேன். என் மகள் அதுக்கு "கியூசி செக்"னு பேர் வச்சிருக்கா. வயசானவங்க இருக்கிற வீட்டுல இன்னொண்ணு. தண்ணியில தேங்காய் எண்ணெய் ஊத்தாதீங்க. வாசனையா இருக்கும்னு சொல்வாங்க, ஆனா தரை வழுக்கும். எண்ணெயோ கிரீமோ குளிச்சு முடிச்சு, உடம்பைத் துடைச்சு, லேசா ஈரம் இருக்கும்போதே பூசுங்க. அப்பதான் ஈரம் தோல்லயே நிக்கும். உட்கார பிளாஸ்டிக் முக்காலி, கீழே ரப்பர் மேட். பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

இனிப்பு நீர் இல்லாதவங்க, காலு மரத்துப் போகாதவங்க தாராளமா ஊற வைக்கலாம். அக்கா, உங்க மகளுக்கு ஒரு பேசின் போதும். முழங்கால் வரைக்கும் வெதுவெதுப்பான தண்ணி, ஒரு கைப்பிடி எப்சம் உப்பு, இந்தப் பூத்தண்ணி, ஓட்ஸ் மூட்டை. பதினைஞ்சு நிமிஷம். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து காலையில படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. அந்த நேரத்துல போனை வேற ரூம்ல வச்சிடச் சொல்லுங்க. காலையில குளிக்கிறதால லீமாவ் சாறு வேண்டாம், இலை மட்டும் போதும். முதல் தடவை முழங்கை மடிப்புல கொஞ்சம் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்க, சிவந்தா அந்தப் பூவை நிறுத்திடுங்க. மூணு மாசமா தூக்கம் இல்லைன்னா டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டுங்க அக்கா. பூத்தண்ணி அதுக்கு மாற்று இல்லை.

தீபாவளிக்கு யாருக்காவது குடுக்கணும்னா காய வச்ச பூவுல செய்யலாம். இதழை வெயில்ல காய வைக்காதீங்க, நிறம் போயிடும். விசிறிக்குக் கீழே நியூஸ்பேப்பர்ல பரப்பி நாலஞ்சு நாள். நம்ம ஊர் ஈரக்காத்துல நல்லா காயலேன்னா பூஞ்சை பிடிக்கும், நொறுக்கினா பொடியாகணும். ரெண்டு பங்கு எப்சம் உப்பு, ஒரு பங்கு ஓட்ஸ் மாவு, அரைப் பங்கு பால் பவுடர், ஒரு கைப்பிடி காய்ஞ்ச இதழ். பாட்டில்ல போட்டு மூடி, கூடவே ஒரு துணிப்பை. இனிப்பு நீர் உள்ளவங்க காலை ஊற வைக்கக் கூடாதுன்னு ஒரு சீட்டுல எழுதி ஒட்டிக் குடுங்க. போன வருஷம் என் மகள் பத்து பாட்டில் செஞ்சா. கடையில இதே பாட்டில் நாப்பது வெள்ளி சொல்றாங்க. நமக்கு எட்டு வெள்ளிகூட ஆகல.

எங்கம்மாவுக்கு இப்ப 81. சனிக்கிழமை சாயங்காலம் ஆச்சுன்னா வேலியிலேருந்து அவங்களே சங்குப்பூ பறிச்சு முந்தானையில கட்டிட்டு வந்துடுவாங்க. முதல்ல அஞ்சாறு பூவை எடுத்து சாமி படத்துக்கு வச்சிடுவாங்க. மிச்சம்தான் வாளிக்கு. தண்ணி கட்டு வர்ற வாரத்துல மட்டும் குளியல் இல்லை, அன்னிக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்க.

போன சனிக்கிழமை அவங்களுக்கு முதுகுல ஊத்திக்கிட்டு இருந்தேன். திடீர்னு, "நான் அன்னிக்குச் சூடுன்னு சொல்லியிருக்கணும்டா"ன்னாங்க. மூணு வருஷம் கழிச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. தெர்மாமீட்டரை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன்.

அக்கா, வர்ற நாலாவது வெள்ளிக்குச் சங்குப்பூ விதை ஒரு கவர் நிறைய கொண்டு வர்றேன். அர்ச்சனைச் சீட்டு கவுண்டர்ல வச்சிருப்பேன். யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். உங்களுக்கு மட்டும் ஒரு பாண்டான் கன்னும் தனியா எடுத்து வைக்கிறேன், மறக்காம வந்து வாங்கிக்கோங்க. மாலை பிரிக்க ஆள் குறைவா இருக்கு, ராத்திரி ஒன்பதரைக்கு மேல நேரம் இருக்கிறவங்க வந்தா நல்லா இருக்கும். கத்திரிக்கோல் கொண்டு வாங்க.